முகம் தெரிகிற போன்

குருவானவர் 'சமாதானமாகச் சென்று வாருங்கள்' என்று சொல்லி முடிப்பதற்குள் லூர்துசெல்வி கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சமாதானம் போய் ஒரு வாரமாகியிருந்தது. மற்ற பெண்கள் மாதா கெபிக்கு முன்னால் கூடி நின்று ஊர்க்கதையை ஆரம்பிக்கும்போது அவள் ஏற்காடு கடைவீதி நோக்கிப் பாதித் தூரம் நடந்துவிட்டாள். பின்னால் அவள் கணவர் சிங்கராயர், கல்யாண ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதரை அவசரப்படுத்த இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

மகள் ஷீனா அவிநாசிப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்கிறாள். வாரம் முழுக்கப் பெண்களின் போன்களை ஹாஸ்டல் வார்டன் வாங்கி வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பாள். போன ஞாயிறு ஷீனா கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, பக்கத்துக் கட்டில் பெண்ணின் குறட்டை என்று எதையெதையோ பேசிவிட்டு, "அம்மா, உங்கிட்ட ஒன்னு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். அத்தோடு லூர்துசெல்வியின் பட்டன் போன் செத்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த போன்தான். அது சாகத் தேர்ந்தெடுத்த நேரத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாயியின் போனை வாங்கித் திரும்பக் கூப்பிடுவதற்குள் அங்கே போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் கண்ணாயியின் போனில் பேசலாம்தான். ஆனால் கண்ணாயி காதில் விழுந்தால் எஸ்டேட் முழுக்கத் தமுக்கு அடித்த மாதிரி.

அந்த ஒரு வாரத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தும்போதும், சோறு வடிக்கும்போதும், ஜெபமாலை உருட்டும்போதும் அவள் மகளுக்கு என்னவெல்லாமோ நடத்திப் பார்த்துவிட்டாள். காதலித்திருப்பாள். கல்யாணமே முடிந்திருக்கும். கை மிஷினில் மாட்டியிருக்கும். யாராவது ஏதாவது செய்திருப்பார்கள். கடைசி நினைப்பு வந்தபோது ஜெபமாலையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கணவரிடம் கேட்டதற்கு அவர், "சம்பளம் ஏத்திருப்பாங்க" என்றார்.

"சம்பளம் ஏத்துனதச் சொன்னா யாருங்க கோவிச்சுக்குவாங்க?"

"அதுவுஞ் சரிதான்" என்று அவர் அடுத்த வெற்றிலையை எடுத்தார்.

தனபால் மொபைல்ஸில் ஹேமலதா என்ற பெண் மட்டும் இருந்தாள். சேலத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து போகிறவள். சிங்கராயர் சட்டைப் பையிலிருந்து பெரிய போன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் தனக்கு வேண்டாமென்று கொடுத்தது. பின்னால் மூன்று கேமரா. அதற்கே அவர் மயங்கிக் கிடந்தார். ஹேமலதா லூர்துசெல்வியின் சிம்மை அதில் போட்டாள். சிக்னல் கோடுகள் நிறைய வந்தன. தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை.

"இந்த கம்பெனி சிம்முல பேசறதும் 4ஜியிலதானுங்க. ரீசார்ஜ் கம்மியா இருக்கறது அதனாலதான். இது வெளிநாட்டு மாடல், அதுக்கு ஒத்துக்காது. கோடு வரும், பேச்சும் நெட்டும் வராது."

"என்ர மச்சான் மாதிரின்னு சொல்லு. சாப்பாட்டுக்கு வருவான், பேச்சு வராது" என்றார் சிங்கராயர்.

லூர்துசெல்வி திரும்பிப் பார்த்த பார்வையில் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிம்மை மாற்றினால் போகாதா என்று கேட்க நினைத்தவர் அதையும் விழுங்கிவிட்டார். வீட்டுப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான மாரமங்கலம் வளைவில் எடுக்கிற சிம் அது ஒன்றுதான்.

ஹேமலதா கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து விலை குறைந்த போன்களை எடுத்து அடுக்கினாள். இதில் படம் வைக்க இடம் அதிகம், இதில் சார்ஜ் நிற்கும், இதில் செல்ஃபி நன்றாக விழும் என்றாள். "எடுக்க வருதான்னு மட்டும் பாரு கண்ணு" என்றாள் லூர்துசெல்வி. ஹேமலதா சிம்மைப் போட்டுக் கூப்பிட்டாள். போன் அடித்தது. பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். லூர்துசெல்வி தள்ளினாள். அது அசையவில்லை. அழுத்தித் தள்ளினாள். போன் அதுபாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. அடுத்த போனிலும் அப்படியே. சிங்கராயர் விரலை வைத்தால் உடனே நகர்ந்தது. ஹேமலதா அவள் கையைப் பிடித்து விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். காப்பிப் பழம் பறித்து, மிளகு உருவி, ரேகையெல்லாம் தேய்ந்து தோல் தகடு மாதிரி இருந்தது.

"ரேஷன் கடை மிஷினும் ஒத்துக்கறதில்ல சாமி. அங்க கண்ணக் காட்டி அரிசி வாங்கறேன்" என்றாள் லூர்துசெல்வி. சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஹேமலதா யோசித்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தாள். "இது உங்க சிம்முக்கு நல்லாப் பேசுங்க்கா. பட்டன் அமுக்குனாப் போதும். வெலையும் கம்மி." செத்துப்போன போனின் தங்கச்சி மாதிரியே இருந்தது. சிங்கராயர் நிம்மதியாகத் தலையாட்டினார். லூர்துசெல்வி அதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தாள். டக்கென்று எடுத்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டாள்.

"இதுல மூஞ்சி தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க்கா."

"கொரலுல பொய் சொல்லிருவா. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிருவா. எனக்கு மூஞ்சியப் பாக்கோணும்."

சிங்கராயர் முதல்முறையாக வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "எடுக்க வராமப் போச்சுன்னா?"

"வர வப்பேன்."

கையுறை போட்டவர்களுக்கென்று சில போன்களில் ஒரு வசதி உண்டு என்று ஹேமலதா சொன்னாள். அது இருந்தது ஒரே ஒரு போனில்தான். நினைத்து வந்ததைவிட விலை கொஞ்சம் கூட. அந்த வசதியைப் போட்டுவிட்டாள். நாலைந்து முறை தள்ளினால் ஒருமுறை எடுத்தது. அது போதும் என்று லூர்துசெல்வி வாங்கிவிட்டாள். ஹேமலதாவே வாட்ஸப் ஏற்றி, ஷீனாவின் எண்ணுக்கு எழுதி அனுப்பினாள்: 'நான் அம்மா. புது போன் வாங்கிட்டேன். மூஞ்சி தெரியற மாதிரி கூப்பிடு.' பக்கத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது. "அவங்க போன் ஆன் ஆனா ரெண்டாகுங்க்கா" என்றாள்.

மதியத்துக்கு மேல் கிடைத்த பஸ்ஸில் ஊர் வரும்வரை லூர்துசெல்வி அந்த ஒற்றை டிக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமஞ்சு இறங்கி மரங்களை மூடியது. யாரோ வாந்தி எடுத்தார்கள். அவள் நிமிரவில்லை. திரை அணைந்துவிடுமோ என்று தட்டிக்கொண்டே இருந்தாள். விரல் படாதபோது முழங்கையால் தட்டினாள். "பேட்டரி தீந்துரும்" என்றார் சிங்கராயர். அதற்குப் பிறகு அணைத்துவிட்டுப் பயந்தாள், மறுபடி ஏற்றிவிட்டுப் பயந்தாள்.

வளைவிலேயே இறங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் சிக்னல் இருக்காது. ரோட்டோரச் சுவரில் சிங்கராயர் உட்கார்ந்தார். அவளுக்கு உட்கார முடியவில்லை. சில்வர் ஓக் மரம் வரைக்கும் நடந்தாள், திரும்பினாள். வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு அந்த டிக் இரண்டாயிற்று. பிறகு நீலமானது.

"பாத்துட்டா! ஏனுங்க, பாத்துட்டா!"

ஆனால் போன் அடிக்கவில்லை. செய்தியைப் பார்த்தவள் ஏன் கூப்பிடாமல் இருக்கிறாள்? முகம் தெரிகிற மாதிரி என்று எழுதியது தப்போ? குரல் மட்டும் கேட்டிருந்தால் இந்நேரம் பேசியிருப்பாளோ? பட்டன் போனையே வாங்கியிருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் அழுகை முட்டியது. சிங்கராயர் சுவரிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

அடித்தது. ஷீனாவின் பெயர். தள்ளினாள், வரவில்லை. தள்ளினாள். சிங்கராயர் விரலை நீட்டினார். அவர் கையைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். எடுத்துக்கொண்டது.

திரையில் வெள்ளையடித்த ஒரு கூரையும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா."

"கண்ணு, மூஞ்சியக் காட்டு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுவா இருந்தாலும் கோவிச்சுக்க மாட்டேன் சாமி. மாதா மேல ஆணை. மூஞ்சிய மட்டும் ஒருக்காக் காட்டு."

"பக்கத்துல அப்பா இருக்காரா?"

லூர்துசெல்வி நிமிர்ந்தாள். சிங்கராயருக்கும் கேட்டிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி மஞ்சுக்குள் நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்தார். அவர் வெள்ளைச் சட்டை மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு லூர்துசெல்வி போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

"போயிட்டாரு கண்ணு."

விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு கூரை மெல்லச் சாய்ந்து, திரையின் ஓரத்தில் ஷீனாவின் நெற்றி தெரியத் தொடங்கியது.