தனிக்கொட்டில்

பிடிகூண்டின் இரும்புக் கதவு மறுபடியும் அடித்துச் சாத்திக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பசு ஒருமுறை திமிறிவிட்டு அடங்கியது. கறவையாள் டென்சில் அதன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி அழுத்திப் பிடித்தான். மூன்று நாட்களுக்கு முன் மயிரை மழித்து ஊசி போட்டிருந்த இரண்டு இடங்களையும் கால்நடை மருத்துவர் இனெஸ் விரலால் தடவிப் பார்த்தாள். மேலே பறவைக் காசநோய்க்கான ஊசி. கீழே மாட்டுக் காசநோய்க்கானது. கீழே மட்டும் பெரிதாகத் தடித்திருந்தால் அந்த மாடு வெட்டுக்குப் போக வேண்டும்.

"ஒண்ணுமில்ல. விட்டுடுங்க."

காலையிலிருந்து மழை நசநசத்துக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் ஹாக்கின் கதவோரம் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இதுவரை நோய் தெரிந்த பதினான்கு மாடுகளின் முதுகில் சிவப்புச் சாயம் விழுந்திருந்தது.

கடைசியாக இருநூற்றுப் பதினெட்டாம் எண் வந்தது. டென்சில் அதைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான். ஒன்பது ஈற்று ஈன்ற பசு. கூண்டுக்குள் தானாகவே நடந்து வந்து, அவன் கையை மோந்து பார்த்தது. கழுத்தின் கீழ்ப்பக்கம் ஒரு கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. அளவுகோலை வைத்துப் பார்க்கவே தேவையில்லை. இனெஸ் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி இது மட்டும்தானே சந்தேகத்துல இருந்துச்சு?" என்றாள். "இத்தனை நாளும் தனியாத்தானே வச்சிருந்தீங்க?"

டென்சில் வாய் திறந்தான்.

"தனியாத்தாம்மா," என்றார் ஹாக்கின். "அதோ, அந்தக் கொட்டில்ல. வேணா போய்ப் பாத்துக்க."

அவள் போய்ப் பார்த்தாள். தனிக்கொட்டிலில் புது வைக்கோல் பரப்பியிருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. மூலையில் சாணம் கிடந்தது. இனெஸ் ஊசி போட வருவதற்கு முந்தைய நாள் அந்தச் சாணத்தைப் பெரிய தொழுவத்திலிருந்து மண்வாரியில் அள்ளிவந்து போட்டவன் டென்சில்.

"அப்போ இந்த மாட்டுலேருந்து மத்ததுக்குப் போயிருக்க வழியில்ல," என்று அவள் திரும்பி வந்து படிவத்தில் எழுதினாள். "மாட்டுக்கு மாடு ஒட்டுறதுதான் அதிகம். ஆனா நீங்க ஒழுங்கா வச்சிருந்திருக்கீங்க. வெளியேருந்துதான் வந்திருக்கணும்."

"வெளியேருந்துன்னா வளைக்கரடிதான்," என்றார் ஹாக்கின். "நாய் அளவுதான் இருக்கும், வேலியோரம் பூரா வளை தோண்டி வச்சிருக்கு. ராத்திரி வந்து தொட்டியில வாய வச்சுட்டுப் போகுது."

"இருக்கலாம். அதுங்களுக்கும் இந்த நோய் உண்டு. டெவன் மாவட்டம் பூரா இதத்தான் சொல்றாங்க." அவள் படிவத்தை நீட்டினாள். "மாடு பாக்குறவர் இங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

பேனா மழையில் வழுக்கியது. டென்சில் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டான்.

ஜூலையில் கிழவிமேல் சந்தேகம் விழுந்த பிறகு, முதல் எட்டு நாட்கள் அவன் தனக்குச் சொன்னபடிதான் செய்தான். மே மாதம் நின்றுபோன இரண்டாவது கறவையாளுக்குப் பதிலாக ஹாக்கின் வேறு ஆள் வைக்கவில்லை. நூற்று முப்பது மாடுகளை ஒற்றை ஆளாகக் கறந்து முடித்து, கறவைக்கூடத்தைக் கழுவி, பிறகு வாளி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் கோடிக்குப் போய்க் கிழவியைக் கறக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மந்தை முழுக்க மேய்ச்சலில் இருக்க, கிழவி மட்டும் கொட்டிலில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. ஒன்பதாம் நாள் மாலை அவனுக்கு இடுப்பு நிமிரவில்லை. கொட்டில் கதவைத் திறந்துவிட்டான். கிழவி ஓட்டமும் நடையுமாய்ப் போய் மந்தையோடு சேர்ந்துகொண்டது. நாளைக்குத் திரும்ப அடைத்துவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தான்.

கையெழுத்துப் போட்ட அன்று மாலை வீட்டில் மனைவி மோர்வென் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் வைத்தாள். அவன் முள்கரண்டியை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தானாக அணைந்தது.

"நாளைக்கு ஹாக்கின்கிட்ட சொல்லிடப் போறேன்," என்றான்.

"சொல்லு. சொல்லிட்டு எங்க போய்ப் படுக்குறதுன்னும் அவருகிட்டயே கேட்டுட்டு வா." அவள் சுவரைக் காட்டினாள். "இது அவரு வீடு. வேலைக்குத்தான் வீடு. மறந்துட்டியா?"

"பதினஞ்சு மாடு, மோர்வென்."

"எனக்கும் எண்ணத் தெரியும்யா," என்றவள், தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். "சாப்பிடு. நீ பட்டினி கெடந்தா அதுல ஒண்ணும் திரும்பி வராது."

வியாழக்கிழமை லாரி வந்தது. கிழவி சாய்பலகையில் ஏறப் பயந்து நின்றது. ஓட்டுநர் தடியை எடுத்தான். "வேணாம், நான் கூப்பிட்டா வரும்," என்று டென்சில் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டான். அவன் குரலுக்கு அது ஏறி வந்தது.

லாரி போன பிறகு ஹாக்கின் முற்றத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இந்த மாடுகளில் பாதி அவர் கையிலேயே பிறந்தவை.

"மொதலாளி. கிழவிய நான் தனியா வைக்கல."

ஹாக்கின் தண்ணீரை நிறுத்தவில்லை.

"ஜூலையிலயே மந்தையில விட்டுட்டேன். நான்தான்..."

"தெரியும்."

டென்சில் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒவ்வொரு மாட்டுக் கழுத்துலயும் பட்டை இருக்கு. கறவைக்கூடத்துல எது எப்ப கறந்துச்சுன்னு வீட்டுல கம்ப்யூட்டர்ல வந்து விழுது. தினமும் ரெண்டு வேளை இருநூத்திப் பதினெட்டு வந்துகிட்டுதான் இருந்துச்சு."

"பாத்தீங்களா? அப்ப ஏன் ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ இன்னொரு ஆள் கேப்ப." தண்ணீர் சாணத்தைத் தள்ளிக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. "தனியா வைக்கலன்னு தெரிஞ்சா அரசாங்கத்துல நஷ்ட ஈட்டக் கொறச்சிருவாங்க. அப்பறம் எனக்குப் பண்ணையும் இல்ல, உனக்கு வீடும் இல்ல. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க, டென்சில். இதோட விட்டுரு."

அவர் குழாயை மூடினார். சட்டென்று அமைதியானது.

"வளைக்கரடி சுட லைசென்ஸ் வாங்குன ராய் திங்கக்கிழமை வருவான், கூண்டு வைக்க. வளை எங்க இருக்குன்னு அவனுக்குக் காட்டு. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

ராய் தடித்த, கலகலப்பான ஆள். வேலியோரம் மண்மேடுகளைப் பார்த்ததும் விசிலடித்தான். "அடேயப்பா, ஊரே குடியிருக்குப்பா இங்க." நான்கு கூண்டுகளை இறக்கி, செடிக்குள் பதித்து, கதவு விழாதபடி கம்பியால் கட்டினான். "பத்து நாளைக்குத் தினமும் சாயங்காலம் கூண்டுக்குள்ள கல்லுக்கடியில கடலை வையி. நல்லாத் தின்னு பழகட்டும். பயம் விட்டுப்போனப்பறம் கம்பிய அவுத்துக்கலாம்."

"நானா வைக்கணும்?"

"எனக்கு இன்னும் பதினோரு பண்ணை இருக்கு. எங்க அக்கா மகளே என்னக் கொலகாரன்னு அட்டையில எழுதிப் புடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிறா. ஞாயித்துக்கிழமை கறிச்சோத்துக்கு மட்டும் கரெக்டா வந்துர்றா." சிரித்தான். டென்சில் சிரிக்கவில்லை. "என்னப்பா, நீ யாரு பக்கம்? மாடு செத்தது உனக்கில்லியா?"

"எனக்குத்தான்," என்றான் டென்சில்.

மாலைக் கறவை முடிந்ததும் கடலைப் பையை எடுத்துக்கொண்டு போவான். முதல் மூன்று நாள் கடலை அப்படியே கிடந்தது. நான்காம் நாள் கல் புரண்டிருந்தது. பிறகு கூண்டுக்குள் மண் தடங்கள், அகலமான ஐந்து விரல் பதிவுகள். எட்டாம் நாள் கடலைத் தோல்கூட மிஞ்சவில்லை. அவன் தினமும் வைக்கும் நேரத்தை வளைக்கரடிகள் தெரிந்துகொண்டுவிட்டன போலிருந்தது. அந்த விரல் பதிவுகளின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருப்பான். பத்தாம் நாள் மாலை ராய் வந்து கம்பிகளை அவிழ்த்துவிட்டுப் போனான். அன்றைக்கும் கடலை வைத்தவன் டென்சில்தான்.

காலையில் மூன்று கூண்டுகள் காலியாக இருந்தன. நான்காவதில் ஒரு வளைக்கரடி மூக்கை வயிற்றுக்குள் செருகி, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எட்டிய மண்ணையும் புல்லையும் இழுத்துப் படுக்கை போட்டிருந்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள். டென்சிலைப் பார்த்தது. நகரவில்லை.

ராய் துப்பாக்கியைக் கம்பிக்கிடையே நுழைத்தான். ஒரே வெடி. வேலியிலிருந்து காக்கைகள் எழும்பின.

"இந்தா, என் கையெல்லாம் ரத்தம். நீ எழுது." ராய் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்தான். அதில் வயலின் பெயர், ஆணா பெண்ணா, எடை என்று மூன்று கோடுகள் இருந்தன. டென்சில் எழுதினான். நீளவயல். பெண். ராய் தராசில் தூக்கிக் காட்டினான். பத்து கிலோ. டென்சில் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு நோய் இருந்துச்சான்னு எப்பப் பாப்பாங்க?"

"யாரு பாக்குறா? நேரா எரிக்கத்தான் போகுது." ராய் பையின் வாயை விரித்துப் பிடித்தான். "எண்ணிக்கை வந்தாப் போதும் அரசாங்கத்துக்கு. சீக்கிரம் கட்டுப்பா, அடுத்த பண்ணைக்குப் போகணும்."

டென்சில் குனிந்து சீட்டின் நூலைப் பின்னங்காலில் இரண்டு சுற்றுச் சுற்றினான். முடிச்சு விழ நேரமாயிற்று. கால் இன்னும் சூடாக இருந்தது.