ஒன்பதாவது பெயர்

ஒன்பது மணி பதினான்கு நிமிடத்துக்கு ஆட்டக்காரர்களின் பெயர் அட்டை மேசைக்கு வந்தது. ஒன்பதே காலுக்குள் வராவிட்டால் பட்டறை அணி ஆடாமலே தோற்றதாக எழுத வேண்டியிருக்கும். மேசையில் கணக்கு எழுதும் அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“சார், கார்டு,” என்று வைத்துவிட்டு அவருடைய மைத்துனன் திரும்பிப் போனான். பட்டறை அணிக்கு அவன்தான் கேப்டன். முழங்காலில் பட்டை சுற்றியிருந்தான். நடையில் அவசரம் இல்லை.

அட்டையில் ஒன்பது பெயர்கள் இருந்தன. மைதானக் கம்பி வலைக்கு அப்பால் நிழலில் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் அட்டையில் ஒன்பது பெயர் இருந்தாக வேண்டும். ஒன்பதும் இரண்டு மாதம் முன்பே கொடுத்த பதினைந்து பேர் பட்டியலில் உள்ளவையாக இருக்க வேண்டும். விதி பன்னிரண்டு. எழுதியவர் அவர். விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். வெல்டர், கொக்கு, மீசை, பெயின்டர், பெரிய டயர், சின்ன டயர், தூங்கி, போல்ட். போல்ட் என்பது மைத்துனன். ஒன்பதாவது இடத்தில், மைத்துனனின் சாய்ந்த கையெழுத்தில், ஒட்டடை என்று எழுதியிருந்தது.

ஒட்டடை என்பது அவர்தான். ஆறடி இரண்டங்குல உயரம், உடம்பில் சதை இல்லை. ஆடிய காலத்தில் வைத்த பெயர். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது.

அட்டையில் பிழை இல்லை. முத்திரை குத்தி, நேரம் எழுதி, அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பேஸ்பால் போட்டி அது. பன்னிரண்டு அணிகள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள், நாற்பத்தோரு விதிகள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சண்டை இருந்தது. சட்டை முதுகில் உள்ள பெயரைத்தான் அட்டையில் எழுத வேண்டும் என்பது ஆறு. முதல் வருடம் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்து, ஒருவர் எடுத்த ரன் இன்னொருவர் பெயரில் ஏறி, இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். செருப்புப் போட்டு ஆடக் கூடாது என்பது பதினேழு. பந்தை நாய் தூக்கிக்கொண்டு ஓடினால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது இருபத்து மூன்று. நாய் இரண்டு முறை வந்தது. மட்டை பிடிக்கும் முறை வந்தும் ஆள் வராவிட்டால் மேசையில் இருப்பவர் மைக்கில் பத்து விநாடிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை அழைத்து, முப்பது விநாடி ஆனதும் அவுட் எழுத வேண்டும் என்பது பத்தொன்பது. அது கழிப்பறையில் இருந்த ஒரு எலக்ட்ரீஷியனுக்காக எழுதியது.

மற்ற நாட்களில் அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கயிறு, பிரேக், கதவு, எடை. ஒரு கட்டடத்தில் அவரைத் தெரிந்தவர் வாசல் காவலாளி மட்டும். மேலே போவார், கீழே வருவார், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகிவிட்டுக் கிளம்புவார். பிறகு வருடம் முழுக்க அவர் கையெழுத்துக்குக் கீழே ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்று ஏறி இறங்குவார்கள்.

விதிகளை எழுதியது விவாகரத்தான வருடம். மனைவி வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். பிறகு அங்கேயே இருந்துகொண்டாள். பிறகு தபாலில் தாள்கள் வந்தன. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவள் தம்பிதான் விடவில்லை. “அக்கா போனா போகட்டும். நீங்க எனக்கு அத்தான்தான்,” என்றான். ஏழு வருடம், ஞாயிறு ஆட்டம் முடிந்தால் அவன் வீட்டில் சாப்பாடு. அவனுடைய மனைவி கேட்காமலே இரண்டாம் தடவை பரிமாறுவாள். தோள்பட்டை போய் அவர் மேசைக்கு வந்த பிறகும் பட்டியலில் பதினைந்தாவதாக அவர் பெயரை எழுதிவிடுவான். “ஆட வேணாம் அத்தான். குடும்ப போட்டோவுல ஓரமா நிக்கிற மாதிரி நில்லுங்க, போதும்.”

போன வருடம் மைத்துனனின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தான். பதினான்கு வருடம் கழித்து, இருபது நாள் விடுப்பில். அவனுக்காகச் சட்டை தைத்து, பெயர் அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்த வருடப் பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கக் கடைசி நேரம் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மைத்துனன் ஐந்து இருபதுக்கு வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

“இருபது நிமிஷம், அத்தான்.”

“அஞ்சு மணின்னு போட்டிருக்கு.”

“போட்டது யாரு? நீங்கதானே?”

“அதனாலதான்.”

தம்பி மூன்று ஞாயிறு புதுச் சட்டையோடு படிக்கட்டில் உட்கார்ந்து கைதட்டினான். பிறகு விமானம் ஏறினான். அடுத்த ஞாயிறு மைத்துனன் மேசைக்கு வந்து, “சார், கார்டு,” என்றான். சாப்பாட்டுக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவர் அன்று ரொட்டி வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

அவர் செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறார். பன்னிரண்டு அணிக்கும் ஒரே கடிகாரம். அதை யாரிடமாவது உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அப்படிச் சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் மைத்துனன்தான்.

இரண்டு மாதம் முன்பு இந்த வருடப் பட்டியல் வந்தபோது பதினைந்தாவது பெயரைப் பார்த்தார். நீக்க மறந்திருப்பான் என்று நினைத்தார். கேட்டால் பெயரை நீக்கிவிடுவான் என்றும் நினைத்தார். கேட்கவில்லை. முத்திரையைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினார்.

எதிரணி ஆஸ்பத்திரி. அதன் கேப்டன் ஒரு பல் டாக்டர். குண்டு உடம்பு, ஓயாத வாய். தோற்றவர்கள் இந்த வருடத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் முதல் தடவையாக ஒன்பதாவது இடம் வந்தது. அவர் மைக்கை இழுத்தார்.

“ஒன்பதாவது ஆள், ஒட்டடை.”

குரல் மைதானத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு விஷயம் புரிந்து எல்லாரும் சிரித்தார்கள். அவர் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்தபடி பத்து விநாடி இருந்தார். மறுபடி அழைத்தார்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க சார்,” என்றார் பல் டாக்டர். “தூரத்துல இருக்காரோ என்னமோ.”

மூன்றாவது தடவையும் அழைத்தார். முப்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அதை எழுதியபோது அவருக்குத் தெரியாது. சிரிப்பு பதினைந்தில் முடிந்துவிட்டது. மீதியில் ஒன்றும் இல்லை. தன் பெயருக்கு நேராகக் கட்டத்தில் அவுட் என்று எழுதினார். மைத்துனன் நிழலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். காய்ச்சலில் கிடக்கும் பேக்கரிக்காரர் இருந்தார். கல்யாணத்துக்குப் போன இரண்டு பேர் இருந்தார்கள். கணுக்கால் பிசகியவர் இருந்தார். ஒன்பதாவது கட்டத்தை நிரப்ப இவர்களில் யார் பெயரும் போதும். எந்தப் பெயரானாலும் அவுட் அவுட்தான். மேசைக்கு வர ஒரு நிமிடம் இருக்கும்போது கைக்கு வந்த பெயரை எழுதியிருக்கலாம். அல்லது அவர் பெயரை அவர் வாயாலேயே, எல்லாருக்கும் முன்னால், கூப்பிட வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கலாம். ஒரு வருடம் யோசித்தால் அப்படி ஒன்று தோன்றும். மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. அதை அவர் நினைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ரன்களைக் கூட்டினார். கூட்டியதை மறுபடி கூட்டினார்.

ஐந்தாவது இன்னிங்ஸில் மறுபடி அழைத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்று தடவை, முப்பது விநாடி, அவுட். மைக்கில் தன் குரல் கொஞ்சம் கரகரத்தது அவருக்குக் கேட்டது. இடைவேளையில் அம்பயர் தண்ணீர் குடிக்க மேசைக்கு வந்தார். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எல்லாரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இத்தனை வருஷத்துல தானே கூப்பிட்டு தானே வராம போன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்,” என்றார் கண்டக்டர்.

“விதி அப்படி.”

“மேசையில இருக்கறவரு ஆடக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“இல்ல.”

“ஏன் எழுதல?”

“அப்படி ஒரு ஆள் இருப்பான்னு நினைக்கல.”

“அப்பறம் என்ன? போய் மட்டையை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. புஸ்தகத்தை நான் பாத்துக்கறேன். முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன், கூட்டல் நல்லா வரும். சில்லறை திருப்பிக் குடுக்கறதுலதான் தகராறு.”

“இன்னிங்ஸ் முடியற வரைக்கும் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. முப்பத்தொண்ணு.”

“அதையும் நீங்களா எழுதினீங்க?”

“ஆமா.”

கண்டக்டர் மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “நல்லா எழுதியிருக்கீங்க,” என்றார்.

ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. ஆஸ்பத்திரி நான்கு ரன், பட்டறை மூன்று. சின்ன டயர் உயரத் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். தூங்கி மூன்று பந்தையும் விட்டார். இரண்டு அவுட் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது. எட்டாவதாக மைத்துனன் வந்தான். இரண்டாவது பந்தை வலப்பக்கம் ஓங்கி அடித்தான். அங்கே நின்றது ஆஸ்பத்திரியின் கணக்காளர். ஓடுவது அவருக்குப் பழக்கமில்லை. மைத்துனன் முதல் பேஸைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான், முழங்காலை இழுத்துக்கொண்டு மூன்றாவதில் வந்து விழுந்தான். எழுந்து அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து கடைசி பேஸான வீடு வந்தால் ஒரு ரன், ஆட்டம் சமம்.

மூன்றாவது பேஸுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கம்பி வலை. ஐந்தடி தூரம். ஒரு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில், முகத்துக்கு முகம், அவனை அவர் பார்க்கவில்லை. மீசையில் நரை கூடியிருந்தது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

அடுத்தது ஒன்பதாவது இடம். எல்லாரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். நிழலில் வெல்டர் பையின் ஜிப்பை இழுத்தார். பெரிய டயர் ஷூவைக் கழற்றினார். பல் டாக்டர் கையுறையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகுலுக்கத் தயாராக நின்றார். மட்டை மைத்துனன் போட்ட இடத்திலேயே கிடந்தது.

அவர் நிறுத்துகடிகாரத்தை அழுத்தினார்.

“ஒன்பதாவது ஆள், ஒட்டடை.”

மைத்துனன் நிழல் பக்கம் பார்க்கவில்லை. மட்டையைப் பார்க்கவில்லை. வலை வழியாக மேசையைப் பார்த்தான். பேஸிலிருந்து காலை எடுக்க அவனால் முடியாது, எடுத்தால் பந்தால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். மேசையிலிருந்து எழ இவரால் முடியாது. பத்து விநாடி ஆனது.

“ஒட்டடை.”

பிறகு மைக்கை உள்ளங்கையால் மூடினார்.

“எதுக்கு என் பேரை எழுதின?”

மைத்துனனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. “ஆள் இல்ல,” என்றான்.

“பட்டியல்ல இன்னும் ஆறு பேர் இருந்தாங்க.”

அவன் குனிந்து முழங்கால் பட்டையை மேலே இழுத்துவிட்டான். வலையின் நிழல் அவன் முதுகில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கண்டக்டர் தூரத்திலிருந்து கையைக் காட்டி என்ன என்று கேட்டார். இருபதாவது விநாடி வந்தது. மூன்றாவது தடவை அழைக்க வேண்டிய நேரம். அவர் அழைக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே மைக் சூடாக இருந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. முள் நகர்வதைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் எவ்வளவு சத்தம் வரும் என்று யோசித்தார். தோளை மெல்ல ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார், வலித்தது.

மைத்துனன் நிமிர்ந்தான். வலைக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டான்.

“அவங்க ஆறு பேரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றான். “நீங்க வருவீங்களான்னுதான் தெரியல.”