ஆய்வு நாளில் பறவை இல்லை

1975 ஜனவரி 20, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. விடியும்வரை பெய்த தூறல் ஓய்ந்திருந்தது. மேற்கு மலை முகட்டில் மட்டும் மேகம் மடிந்து கிடந்தது. தேனியில் நகரத் திட்டத்துக்கு வரைபடம் போடும் செல்லப்பாண்டி, குடையை மடக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றார்.

எதிரே இடுப்பளவுத் தண்ணீரில் நாற்பத்து மூன்று கருவேல மரங்கள். ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கூடுகள், கூடுகளில் வாய் பிளந்த குஞ்சுகள். கரையில், அந்த மரங்களை ஏலம் எடுத்த விறகுக்கடைக்காரர் சின்னக்கருப்பு, ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் காலையில இறங்குறோம் சார். கண்மாயத் தூத்து பஸ் ஸ்டாண்டு கட்டப் போறாகளாம். ஒங்க படத்துலயே தரிசுன்னுதான போட்டிருக்கு?”

உண்மைதான். சென்ற சித்திரையில், ஆய்வுக்கென்று குறித்த நாளில், செல்லப்பாண்டி இதே கரையில் நின்றார். கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆய்வு நாளில் கண்ணுக்குப் பட்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. “நீர் இல்லை. பறவை இல்லை. முள்மரம் 43” என்று எழுதினார், படத்தில் தரிசுக்குரிய பழுப்பைப் பிசிறில்லாமல் பூசினார். பூசி முடித்ததும், கோடு தாண்டாத அந்த நேர்த்தியைக் கண்டு மகிழவும் செய்தார். அதை நினைக்கத்தான் இப்போது கூசியது.

ஏனென்றால், பதின்மூன்று ஆண்டுகள் அவர் இந்தப் பறவைகளோடு வேலை பார்த்தவர். பழைய அலுவலகம் இந்தக் கரையை ஒட்டித்தான் இருந்தது. மழைக்காலம் வந்தால் நாரைகளின் இரைச்சலில் தட்டச்சுப் பொறியின் ஓசை அமுங்கிப்போகும். சன்னலோரம் அமர்ந்து உண்டால் சோற்றில் இறகு விழும், ஊதிவிட்டு உண்பார்கள். சுவர்க் கடிகாரம் நின்று நான்கு ஆண்டுகளாகியும் பழுது பார்க்க யாரும் எழுதவில்லை. அந்தி மங்கியதும் வக்காக்கள் என்னும் இராக்கொக்குகள் கரகரத்த குரலோடு இரைதேடக் கிளம்பும். “வக்கா கிளம்பிருச்சு” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் பேனாவை மூடுவார்கள். புதிய கட்டடத்துக்குப் போன பிறகு மணி அடித்தார்கள். அந்த ஓசை அவருக்கு இன்றுவரை பழகவில்லை.

“வாங்க அய்யா, படம் போட்டவுகளே!” கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் நெல் விளைவிக்கும் மொக்கம்மாள், மண்வெட்டியோடு கரையேறி வந்தார். “தண்ணி வத்துன நாளாப் பாத்து வந்து எழுதியிருக்கீக. காய்ச்சல்ல கெடக்கும்போது வந்து பாத்துட்டு, பொண்ணு நல்லால்லன்னு சொன்னாப்புல!”

சின்னக்கருப்பு வாய்விட்டுச் சிரித்தார்.

“நீ என்னலே சிரிக்கிற? இந்த எச்சம் கலந்த தண்ணியப் பாச்சித்தான் நான் ஒரு கூடை எருப் போடாம வெள்ளாமை எடுக்கேன். ஒன் ரம்பமா வந்து எருப் போடும்?”

“எனக்கென்ன ஆத்தா பகையா? நிறுத்துன்னு ஆபீசரு கையெழுத்துப் போட்ட தாளு வந்தா நிறுத்திருதேன்.”

செல்லப்பாண்டி குடையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

அலுவலர் வைகுண்டராஜ் கெட்டவர் அல்லர். தாள் இல்லாமல் எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லிச் செல்லப்பாண்டி கேட்டதும், அவர் திருப்பிக் கேட்டார்.

“படம் தப்புன்னு யாரு எழுதிக் குடுப்பாக?”

“நான் எழுதித் தாரேன் சார்.”

“யோசிச்சுப் பேசுங்க. அடுத்த மாசம் ஒங்க பேரு பதவி உயர்வுக்குப் போகுது. இது கோப்புல ஏறினா அது நின்னுரும்.”

“தெரியும் சார்.”

மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காம் முறை நிறைவு கொண்டார். “ஆய்வு நாளில் நான் எழுதியது அந்த நாளுக்கு உண்மை. ஆண்டுக்கு உண்மையன்று. கண்மாய் என்று அறிந்திருந்தும் தரிசு என்று வண்ணமிட்டது என் பிழை.”

வைகுண்டராஜ் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மன்னிப்பு மாதிரியும் இல்ல, விளக்கம் மாதிரியும் இல்ல.”

“திருத்தம் சார்.”

தாள் உள்ளே போயிற்று. பிற்பகல் முழுவதும் செல்லப்பாண்டி நடைக்கூடத்துப் பெஞ்சில் இருந்தார். மணி அடித்தது, எல்லோரும் போனார்கள். அதன் பிறகே அலுவலர் அழைத்து, கையெழுத்திட்ட ஒரு தாளை நீட்டினார்.

“பங்குனி முடியிற வரைக்கும் மரத்துல கை வைக்கக் கூடாது. குஞ்சு பறக்கட்டும். திட்டத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. இவ்வளவுதான் நம்மால முடிஞ்சது.”

செல்லப்பாண்டி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு வாரம். ஒரு பதவி உயர்வுக்குப் பன்னிரண்டு வாரம். குறைவா, கூடுதலா என்று தெரியவில்லை. கூட்டில் இருப்பவற்றுக்குப் போதும் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் கரைக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு வக்கா கரகரத்து எழுந்தது. பின்னால் நான்கைந்து, அப்புறம் கூட்டமாக. பழக்கத்தில் அவருடைய கை சட்டைப்பைப் பேனாவைத் தேடிப் போய், மூடியை அழுத்திப் பார்த்தது.

சின்னக்கருப்பு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “தாளு வந்துச்சா சார்?”

செல்லப்பாண்டி அலுவலரின் கையெழுத்தை இன்னொரு முறை சரிபார்த்தார்; தேதியையும் பார்த்தார். பிறகு தாளை அவரிடம் நீட்டினார்.