முந்திக்கொண்ட ஆமென்

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவது அந்த வீட்டில் அவள் பொறுப்பு. அவள் கணவருக்கோ வயலிலிருந்து பசியோடு வந்துவிட்டால் ஆண்டவராவது, ஆமெனாவது! அவள் பாதி ஜெபத்தில் இருக்கும்போதே இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். அவளும் இத்தனை வருஷமாகத் திட்டித்தான் பார்த்தாள், மனுஷன் திருந்தினபாடில்லை.

அன்று விடியற்காலையில், கன்று போட்ட சற்று நேரத்தில் அவர்களுடைய பசு செத்துப்போனது. அவள் கையாலேயே புல் கொடுத்து வளர்த்த பசு. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேண்டாத வேண்டுதல் இல்லை. கணவர் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கழுவியும் நகக்கண்ணை விட்டு மண் போகாத கையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஜெபத்துக்குக் கை கூப்பவில்லை. அவரும் தட்டில் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

"நீ இன்னும் ஜெபம் பண்ணலையே."

"இன்னைக்கு என்னத்தச் சொல்லி நன்றி சொல்லச் சொல்றீங்க?" என்று வெடித்தாள். "எனக்கு வார்த்தை வரல."

தொழுவத்தில் கன்று பாலுக்குக் கத்தியது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆமென்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஜெபமே பண்ணாம என்னங்க ஆமென்?"

"எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். மீதிய, உனக்கு எப்ப வருதோ அப்ப சொல்லிக்க."