டோரதி நேராத நேர்ச்சை

கொதித்துக்கொண்டிருந்த பன்றிக்கறியின் மேல் பளபளவென்று மிதந்த கொழுப்பை டோரதி கரண்டியால் வழித்து வழித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து வந்த கணவர் இன்னாசிராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தோலும் வெள்ளையுமாக இரண்டு விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லி வாங்கி வந்த மனிதர். கறி என்பது அந்த வெள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சாக்கு, அவ்வளவுதான் அவருக்கு.

"மாதாவுக்கு நேர்ந்துக்கணும்னா உன் நாக்கை நேர்ந்துக்க வேண்டியதுதானே? என்னை எதுக்கு நேர்ந்துவிட்ட ஆடாக்கி வச்சிருக்க?"

டோரதி அடுத்த கரண்டியை வழித்தாள். அவருக்குக் கொழுப்பு போடுவதில்லை என்று அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் அவள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதைப் பார்த்துவிட்டு அவராகக் கட்டிக்கொண்ட கதை அது. வசதியாக இருந்ததால் அவளும் மறுக்காமல் விட்டுவிட்டாள்.

ஜூன் மாதத்தில் அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு. சிறுநீர்க் குழாய் அதன் நடுவில் புகுந்துதான் வெளியே வர வேண்டும். வயதானால் அந்த நெல்லிக்காய் எலுமிச்சையாகும், சிலருக்கு ஆரஞ்சாகவும் ஆகும். குழாய் நெரிபடும். தென்னூரில் அற்புதசாமி டாக்டர் அறுத்து எடுத்தார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம். முடிவு வந்த அன்று அவர் டோரதியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அவள் ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் என்று அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, மைக்ராஸ்கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வெங்காயத் தோலைத்தான் அவள் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். இது தன் புருஷனின் உடம்பு. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஓர் ஊர் தெரிந்தது. பெரிய பெரிய வளையங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் செல்கள் வரிசை பிசகாமல். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியும் சித்திரை வீதியும் ஒன்றையொன்று இடிக்காமல் கோயிலைச் சுற்றி வருவதுபோல அத்தனை ஒழுங்கு. ஓர் ஓரத்தில் மட்டும், கடுகளவு இடத்தில், குட்டி வளையங்கள் சந்து விடாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"புற்றுதான் டீச்சர். ஆனா தூங்கற புற்று" என்றார் டாக்டர். "ஆரஞ்சுல சுளையை எடுத்தாச்சு, தோல் உள்ளேயேதான் இருக்கு. அதுலயும் இது மாதிரி ஒண்ணு ரெண்டு தூங்கிக்கிட்டு இருக்கலாம். அடிக்கடி வந்து காட்டினாப் போதும்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க டோரதிக்குப் பயம் எங்கோ பின்னால் போய் நின்றுகொண்டது. வேறு வியாதியில் இறந்த கிழவர்களின் உடம்பை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலருக்கு இந்தப் புள்ளி இருந்திருக்கிறது. இருப்பது தெரியாமலே வாழ்ந்து போயிருக்கிறார்கள். அமெரிக்காக்காரனுக்கும் இருந்தது, ஜப்பான்காரனுக்கும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் அது விழித்துக்கொண்டு ஆளைக் கொல்வதுபோல ஜப்பானில் கொல்வதில்லை. அப்படியானால் ரத்தம்தான் காரணமோ என்றால், அதுவும் இல்லை. அதே ஜப்பான்காரர்கள் கப்பலேறி ஹவாய் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள். அங்கே அவர்களிடையேயும் அது அதிகமாக விழிக்கத் தொடங்கியது. கடல் தாண்டியதும் என்ன மாறியது? எத்தனையோ மாறியிருக்கும், முக்கியமாகத் தட்டு மாறியது. கொழுப்பின் மேல்தான் பலத்த சந்தேகம், ஆனால் நிரூபித்தாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். சாப்பாட்டை மாற்றினால் தூங்குவது தூங்கிக்கொண்டே இருக்கும் என்று எழுதித் தரவும் மாட்டார். கெடுதல் இல்லை, செய்து பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம் என்றார்.

வெளியே உட்கார்ந்திருந்த இன்னாசிராஜிடம், கொழுப்பைக் குறைங்க சார் என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். டாக்டரே எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னுட்டாரு என்று அவர் மேலப்புதூர் டீக்கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். முப்பது வருஷமா நான் சொன்னதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஃபீஸ் வேற என்று டோரதியும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் மறுநாள் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன் சீட்டில் நாமம் போட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவர், படியோரம் வாழைத்தாரோடு ஒருவர். இவர்களில் யாருக்குள் அது தூங்குகிறது? யாருக்கும் தெரியாது. அவரவர் வீட்டு அடுப்பில் கொதிப்பது, அவரவர் அடிவயிற்றின் இருட்டில் ஒரு கடுகின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் உலை வைத்தவளுக்கு, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது இன்னாசிராஜ் சட்டைப்பையிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். வேளாங்கண்ணிக்கு.

"மாதா திருநாளுக்குப் போயி நேர்ச்சையை முடிச்சுட்டு வந்துருவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் ஆளா நான் சந்தையில நிப்பேன். ரெண்டு விரல் கனம். நீ ஒண்ணும் பேசக்கூடாது."

டோரதி அடுப்பை அணைத்தாள். முடிவே இல்லாத ஒன்றுக்கு அவர் முடிவுநாள் குறித்துவிட்டார். அதுவும் மாதா பேரில். அவரை உட்காரச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து, நேர்ச்சையே இல்லை என்பதையும், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும், சுளையையும் தோலையும், கப்பலேறிப் போனவர்களையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வகுப்பில்கூட அவள் இத்தனை நிதானமாகப் பாடம் எடுத்ததில்லை. 

அவர் டிக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பவும் தூங்குதா?"

"தூங்குதுங்க."

"ஜப்பான்காரன் என்னதான் திங்கிறான்?"

"சோறு. மீனு. காய், பயறு."

"அப்ப அவனுக்கு தினமும் வெள்ளிக்கிழமைன்னு சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கறி கிடையாது, மீன்தான். சிரிக்க முயன்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம், டோரதி" என்றார். டிக்கெட் இருக்கட்டும், நேராட்டியும் போயிட்டு வருவோம் என்றும் சொன்னார்.

அன்று அவர் தட்டில் கறியைக் கொஞ்சமாகவே போட்டுக்கொண்டார். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் பின்பக்கம் போனவர் திரும்பி வரக் காணோம். டோரதி எட்டிப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அடைக்கலராஜ் வீட்டில் யாரோ பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே வறுத்துக்கொண்டிருந்தார்கள். மிளகும் சோம்பும் கலந்த புகை மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. இன்னாசிராஜ் ஈரக்கையோடு கண்களை மூடி, நெஞ்சு நிறைய அதை இழுத்துக்கொண்டு நின்றார். அவருடைய இடது கை மட்டும் தன்பாட்டில், அடிவயிற்றில் வேட்டியின் மேல், புரண்டு படுக்கும் குழந்தையைத் தட்டுவதுபோல மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.