டூல் பாக்ஸில் போன சாமி

நகர எல்லை வந்ததும் தம்பி வேனை ஓரங்கட்டினான். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படத்தை உரித்தெடுத்து டூல் பாக்ஸுக்குள் ஸ்பானர்களோடு போட்டான். "எல்லாரும் திரைய இழுத்து விடுங்க. ஊரத் தாண்டுற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"சாமிய டூல் பாக்ஸ்ல போட்டுட்டு அங்க போய் யாரக் கும்பிடப் போற?" என்றாள் வாயாடி. தம்பிக்கு அக்கா. வீட்டில் வைத்த பேர் அது. ஐம்பது வயதாகியும் அதைக் காப்பாற்றி வருகிறாள்.

இந்த ஊருக்கா பயப்படுவது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் மலைக்கோயிலுக்கு நடந்து போகும்போது குடும்பமே இங்கேதான் தங்கும். லாண்டரிக்காரர் வீட்டுக் கிணற்றடியில் குளியல், முற்றத்தில் தூக்கம். அம்மா கழுத்து நகையைக்கூடக் கழற்றாமல் குறட்டை விடுவாள். விடிந்ததும் லாண்டரிக்காரர் எல்லார் துணியையும் தேய்த்துக் கொடுப்பார். அவர் கும்பிடுகிற சாமி வேறு. "கசங்கின சட்டையோட போய் நின்னா எந்தச் சாமி மதிக்கும்?" என்பார். ஒருமுறை தம்பி கடைத்தெருவில் தொலைந்துபோனான். ஊரெல்லாம் தேடிவிட்டு வந்து பார்த்தால், லாண்டரிக்காரர் மகள் மடியில் உட்கார்ந்து துரை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

பிறகு இரண்டு சாமிக்காரர்களுக்கும் நடுவே கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன. அதிலிருந்து மலைக்கு வேன்தான். அந்த வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர்களும் நம்மைச் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்றுதானே அந்த வீட்டில் நினைத்திருப்பார்கள்? அந்த நினைப்பு வருஷா வருஷம் அவளை அரித்தது.

லாண்டரிக்காரர் தெரு முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. வாயாடி சட்டென்று கதவைத் திறந்து இறங்கினாள். அவள் மகளும் பின்னாலேயே குதித்தாள்.

"அக்கா, வெளையாடாத. பச்சை விழுந்தா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

"போயேன். யாரு கையப் பிடிச்சா?"

தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. டீக்கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாயாடி மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிற்காமல் நடந்தாள்.

கதவைத் திறந்தது லாண்டரிக்காரரின் மகள். தலை முழுக்க நரை.

"வாயாடிதானே நீ? சீக்கிரம் உள்ள வா. கதவச் சாத்தணும், பாக்குறாங்க."

"பாக்கட்டும்க்கா. திருடவா வந்திருக்கோம்? குளிக்க வந்திருக்கோம்."

லாண்டரிக்காரர் மகள் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். கண் கலங்கியது. "அப்பா போய்ச் சேந்துட்டாரு. கடைசி வரைக்கும், அவங்க வருவாங்க, கிணத்துல பாசி படிய விடாதன்னு சொல்லிட்டே இருந்தாரு." முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "தம்பி எங்க?"

"முக்குல நிக்கிறான். பயந்தாங்கொள்ளி."

பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. வேன் மட்டும் ஓரமாக ஒதுங்கி அங்கேயே நின்றது.

லாண்டரிக்காரர் மகள் செருப்பை மாட்டினாள். வீட்டுக் கதவை விரியத் திறந்து போட்டாள். டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க நடுத்தெருவில் நடந்துபோய், வேன் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். உள்ளே திரை மெல்ல விலகியது.

"எறங்குடா தம்பி," என்றாள். "நான் வெளிய வந்துட்டேன்ல."