வடக்கால ஊடு

எனக்குப் பொறாமை. இதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று ஒருத்தி குழவிக்கல்லை எடுத்துத் தன் வயிற்றில் இடித்துக்கொண்டாளாம். என் கதை அதைவிட மோசம். பிள்ளையைப் பெற்றவள் நான், அது ஒட்டிக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டுக்காரியிடம்.

பக்கத்து வீட்டுக்காரி என்றால் யாரோ அல்ல, என் கொழுந்தனாரின் மனைவி நந்திதா. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள். எங்களுடையது தெற்கு வீடு, அவர்களுடையது வடக்கு வீடு. எங்கள் ஊரில் எதற்கும் திசை சொல்லித்தான் பேச்சு. உப்பு டப்பா கிழக்கால தட்டில் இருக்கும், செருப்பு மேக்கால மூலையில் கிடக்கும். நந்திதா சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்தவள். 'தெக்கால கதவைச் சாத்து அம்மணி' என்றால் எதற்கு வம்பு என்று எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு வந்து நிற்பாள். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறோம். அப்போது அவளை எனக்குப் பிடித்தும் இருந்தது.

போன ஜூன் மாதம் அவள் என் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நான் இரண்டாம் வகுப்பு ஏ பிரிவு, அவள் பி பிரிவு. என் மகள் மௌனிகாவும் பி பிரிவுதான். பெற்ற தாயின் வகுப்பில் பிள்ளை படிக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. என் தலையிலும் அப்படியே எழுதியிருந்தது போலிருக்கிறது.

அன்று பிடித்தது சனி. மாலையில் ஷூவைக் கழற்றியதும் மௌனிகா வடக்கு வீட்டுக்கு ஓடுவாள். விளக்கு வைத்த பிறகு நான் போய்க் கூப்பிட்டால்தான் வருவாள், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நேற்று வரை சித்தியாக இருந்தவள் வீட்டிலும் மிஸ் ஆகிவிட்டாள். மிஸ் சொன்னாங்க, மிஸ் செஞ்சாங்க, மிஸ் ஊட்டு ரசம்தான் ரசம். அந்த மிஸ் ரசப்பொடியைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவள். நான் வறுத்து அரைக்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த மாதப் பாடம் துருவப் பகுதிகள். பெற்றோர்கள் வந்து பார்க்கும்படி ஆளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். காலையில் நான், மத்தியானம் நந்திதா. யாருக்கு நல்ல பெயர் வந்தால் எனக்கென்ன? எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மகள் ஒரு தடவையாவது அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அடுப்படியில் ஒத்திகை பார்த்தேன். ஓர் எலுமிச்சம்பழத்தை நிமிர்த்திப் பிடித்து அதன் உச்சியில் ஒரு கடுகை வைத்தேன். உச்சி வட துருவம், கடுகு மனுஷன். கடுகு எந்தப் பக்கம் உருண்டாலும் கீழேதான் போகும், அதாவது தெற்கே. மௌனிகாவை இழுத்து உட்கார வைத்து இதைக் காட்டினேன். சித்தி வாங்கிக் கொடுத்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றாமல், முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அவள் வடக்கு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை என் வகுப்புக்குச் சில பெற்றோர்கள் வந்தார்கள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

மத்தியானம் பி பிரிவில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் கட்டி வாங்கி அண்டாக்களில் போட்டு, பின்னால் டேபிள் ஃபேன்களை ஓடவிட்டிருந்தாள் நந்திதா. தரை முழுக்க மில் பஞ்சு. தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டி நடுவில் ஒரு பனிவீடு. பிள்ளைகள் ஊட்டிக்குப் போகிற மாதிரி ஸ்வெட்டரும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு பனிவீட்டுக்குள் தவழ்ந்து போய்த் தவழ்ந்து வந்தார்கள். ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று சொல்லி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு டார்ச் அடித்தாள். பெற்றவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து வாயைப் பிளந்தார்கள். வாசலில் நின்ற எனக்கும் சிலிர்த்தது. நன்றாகத்தான் செய்திருந்தாள், அதுதானே என் வயிற்றெரிச்சல்.

கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

"ஒரு சந்தேகமுங் டீச்சர். அந்த வட துருவத்து மேலயே போயி நின்னுட்டேன்னு வெச்சுக்குங்க. அப்ப வடக்கால எந்தப் பக்கமுங்?"

நந்திதா வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினாள். வடக்கு என்ன சீலிங் ஃபேனுக்கு மேலேயா என்று ஓர் அப்பா கேட்க, அறை முழுக்கச் சிரித்தது. அவள் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. இத்தனை மாதமாக எரிந்த வயிறு எனக்கு அப்போதுதான் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு எந்த ஐஸ் கட்டியும் ஈடாகாது.

அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபமாக இல்லை. வேண்டுமென்றே கேட்டேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அக்கா இருக்கிறாள், எடுத்துக் கொடுப்பாள் என்று நம்பிக்கொண்டு நின்றாள். நானும் சீலிங் ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன்.

பனிவீட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குல்லா எட்டிப் பார்த்தது.

"நான் சொல்லட்டுங்களா மிஸ்?" என்று கேட்டபடி மௌனிகா தவழ்ந்து வெளியே வந்தாள். காப்பாற்றத்தான் வருகிறாள். அதுவும் யாரை? நான் ஊட்டி வளர்த்ததெல்லாம் அவளுக்காகப் பேசத்தானா என்று பல்லைக் கடித்தேன்.

"அங்க வடக்காலன்னே ஒண்ணு கெடையாதுங். கடுகு மாதிரி எங்க உருண்டாலும் தெக்காலதானுங்" என்றாள். கடுகு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கேட்டிருக்கிறாள், முறுக்கைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அதோடு அவள் நிறுத்தவில்லை.

"எங்கூடு தெக்கால ஊடுங். மிஸ் ஊட்டுல இருந்து வரோணும்னா நேரா தெக்கால பாத்து வரோணும். துருவத்துல அந்தக் கவலையே இல்லீங். கண்ணை மூடிட்டு எப்படித் திரும்பி நடந்தாலும் எங்கம்மாகிட்டத்தான் போயிச் சேருவேன்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். சொன்னதைச் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். கைகளை நீட்டியபடி பஞ்சுக்கு மேல் நடந்தாள். நடந்து போய் நந்திதாவின் இடுப்பில்தான் முட்டினாள்.

எங்கே போனாலும் கடைசியில் அங்கேதான் போகும் என்று நினைத்தேன். பாழாய்ப்போன பொறாமை, அந்த நேரத்திலும் எட்டிப் பார்த்தது.

நந்திதா குனிந்தாள். அப்படியே அணைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மௌனிகாவின் இரண்டு தோள்களையும் பிடித்து, நான் நின்ற வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள்.

"தெக்கால இந்தப் பக்கம் கண்ணு, போ" என்றாள்.

கண்ணைத் திறக்காமலே வந்தாள் என் மகள். வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மூக்கு ஜில்லென்று இருந்தது.

நான் நின்றுகொண்டிருந்தது அந்த அறையின் வடக்கு வாசல். திசை தெரியாத நந்திதா அன்றைக்கும் தப்பாகத்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை.